பிறந்தநாள் விழாவும் நம் பற்று நோட்டும்

குழந்தையின் பிறந்தநாளை வீட்டிலேயே சிக்கனமாகக் கொண்டாடுவதைப் பற்றி வணிகர் இதழில் எழுத என்ன இருக்கிறது, அது மகளிர் பத்திரிகைகளின் வேலை ஆயிற்றே என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கல்லாவில் உட்கார்ந்து பற்று நோட்டைப் புரட்டுகிறவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் கணக்கை நேர் செய்துவிடும் குடும்பம் ஒன்று திடீரென்று இரண்டு மாதம் இழுக்கிறது. விசாரித்தால் மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், வீட்டு விசேஷம் என்று காரணம் வருகிறது. அந்த விசேஷங்களின் வரிசையில் இப்போது மூன்று வயது, ஐந்து வயதுக் குழந்தைகளின் பிறந்தநாளும் சேர்ந்துவிட்டது.

முன்பெல்லாம் முதல் ஆண்டு நிறைவும் காதுகுத்தும்தான் பெரிய செலவு. அடுத்து வரும் ஆண்டுகளில் நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், புதுச் சட்டை, பள்ளியில் மிட்டாய் என்று முடிந்துவிடும். இன்று 'தீம்' என்ற சொல் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. காடு, கடல், ரயில், விண்வெளி, கார்ட்டூன் பொம்மை என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, திரைச்சீலை, பலூன் வளைவு, கேக், குழந்தையின் உடை, வந்தவர்களுக்குக் கொடுக்கும் பரிசு என்று எல்லாவற்றையும் அந்த ஒன்றுக்குப் பொருந்துமாறு அமைப்பதுதான் தீம். இதில் தவறு ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்கு இது பிடிக்கும். தவறு, அதை மொத்தமாக விலைக்கு வாங்குவதில் இருக்கிறது.

பணம் போகும் வழியைப் பாருங்கள். சிறு மண்டபத்துக்கு முன்பணம், ரொக்கம். அலங்காரக்காரருக்கு ரொக்கம். வீடியோ, கேக், சாப்பாடு எல்லாம் ரொக்கம். அந்த மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் நம் நோட்டில்! நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும், தண்டல்காரர் தினமும் வாசலில் நிற்பார், குழுக்கடன் தவணை வாரம் தவறாமல் கட்ட வேண்டியிருக்கும். இத்தனைக்கும் கட்டிய பிறகு மிச்சம் இருந்தால்தான் மளிகைக் கடைக்கு. ஆக, அந்தப் பிறந்தநாளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர் நாம்தான். நமக்கு அழைப்புக்கூட வந்திராது.

வாடிக்கையாளர் வீட்டுச் செலவில் தலையிட நமக்கு உரிமை இல்லை. ஆனால் கேட்டு வருகிறவருக்கு யோசனை சொல்வது நம் தொழிலில் பழைய வழக்கம். நூறு பேர் சாப்பாட்டுக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு பருப்பு என்று கல்யாணச் சாமான் பட்டியலைச் சமையற்காரருடன் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தது மளிகைக் கடைக்காரர்தானே? பத்துக் குழந்தைகளின் பிறந்தநாளுக்குப் பட்டியல் போட நமக்குத் தெரியாதா? பலூனும் மெழுகுவர்த்தியும் பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலிகள் பெருநகரங்களில் வந்துவிட்டன. செயலிக்காரன் பொருளைத் தருவான், பட்டியல் போட்டுத் தரமாட்டான். 50 கிராம் முந்திரி, ஐந்தே ஐந்து பலூன் என்று எண்ணியும் நிறுத்தும் கொடுக்கமாட்டான்.

தீம் என்ற சொல்தான் புதிது. நவராத்திரியில் கொலு வைக்கும் வீடுகளில் படிக்குப் பக்கத்தில் தரையில் பூங்கா போடுவார்கள். மணல் பரப்பி, சில நாட்கள் முன்பே கடுகும் கேழ்வரகும் வெந்தயமும் தெளித்துப் பச்சை பிடிக்க வைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, அட்டையில் கோயிலும் ரயில் நிலையமும் கட்டுவார்கள். அதற்கு எந்தத் தாயும் கான்ட்ராக்டரை அழைத்ததில்லை. அதே கொலுப்படியில் செட்டியார் பொம்மையும் அவர் மனைவியும் கடை பரப்பி உட்கார்ந்திருப்பதை நம்மவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு முன்னால் சின்னக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, மிளகாய், மஞ்சள். நம் கடையே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் பார்த்து மகிழ்ந்த ஒரு தீம்தான்.

ஆகவே கேட்டு வரும் தாய்மாருக்கு நாம் முதலில் சொல்லக்கூடியது மளிகைக் கடை விளையாட்டு. செலவு மிகக் குறைவு. மூன்று முதல் ஏழு வயதுக்கு இதைவிடப் பொருத்தமானது நமக்குத் தெரிந்தவரை இல்லை. மூன்று பிஸ்கட் பெட்டிகளைச் சேர்த்து வைத்தால் கல்லா மேசை. அதன்மேல் வீட்டில் உள்ள டப்பாக்களும் கிண்ணங்களும். முன்னால் சணல் கயிற்றில் ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்க வேண்டும், அது இல்லாமல் கடை ஏது? மேலே குழந்தையின் பெயரை எழுதி ஒரு பலகை. கலர்த்தாளை நீளத் துண்டுகளாக வெட்டி வளையம் வளையமாக ஒட்டினால் சங்கிலித் தோரணம். ஒட்டுவதற்கு மைதாப் பசை. (சுவரொட்டிக்காரர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தைகள் கை வைக்கும் பசையில் சேர்க்கக் கூடாது என்று மைதா நிறுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.)

தராசுக்கு இரண்டு கொட்டாங்குச்சியும் ஒரு குச்சியும் கயிறும் போதும். பழைய கைத்தராசு பரணில் கிடந்தால் கொடுத்து உதவலாம். முத்திரை காலாவதியான தராசையும் எடைக்கற்களையும் கடையில் வைத்திருப்பதே வழக்குக்கு வழி. அவை குழந்தைகள் விளையாடும் வீட்டில் இருப்பது எல்லோருக்கும் நல்லது. 50 கிராம், 100 கிராம் கற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கிலோ இரும்புக் கல் குழந்தையின் காலில் விழுந்தால் விழா அங்கேயே முடிந்துவிடும்.

வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் அட்டையில் வட்டமாக வெட்டிய பத்துக் காசுகள். அதைக் கொடுத்துப் பொரி, பொட்டுக்கடலை, சின்ன முறுக்கு, வெல்ல அச்சு, பேரீச்சம்பழம் என்று வாங்க வேண்டும். நிறுப்பது ஒரு குழந்தை, காசு எண்ணுவது இன்னொன்று, பொட்டலம் மடிப்பது மூன்றாவது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும். பிறந்தநாள் குழந்தை தராசை விடமாட்டேன் என்று அடம் பிடிக்கும், அதனால் தராசு இரண்டாக இருப்பது நல்லது. பொட்டலம் மடிக்கத் தெரிந்த கடைப்பையன்களே இன்று அரிதாகிவிட்டார்கள். நம்மில் ஒருவர் அந்த வீட்டுப் பெண்மணிக்குக் கூம்பு மடித்துக் காட்ட இரண்டு நிமிடம்தான் ஆகும். வெள்ளைத்தாளோ, அச்சில்லாத பழுப்புத்தாளோ கொடுங்கள். செய்தித்தாள் கூடாது. உணவைச் செய்தித்தாளில் மடிப்பதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகள் தடுத்துவிட்டன. நம் கடையில் வடை, பஜ்ஜிக்கு இன்னும் அதைக் கிழித்துக் கொடுக்கிற உறுப்பினர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

விளையாட்டு முடியும்போது ஒவ்வொரு குழந்தையின் கையிலும் தானே வாங்கிய நான்கைந்து பொட்டலம் இருக்கும். அதுவே எடுத்துச் செல்லும் பரிசு. தனியாக 'ரிட்டர்ன் கிப்ட்' என்று ஒரு செலவு இல்லை. விழாச் செலவில் வீட்டாரைத் திணற வைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பைதான் என்பது நம் கருத்து. கொடுத்ததை வாங்கியவர் அடுத்த மாதம் அதைவிடப் பெரியதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மொய் கணக்கு போல அது வளர்ந்துகொண்டே போகிறது.

வேறு தீம் கேட்டால் அதற்கும் சரக்கு நம்மிடம் உண்டு. பெட்டிகளைக் கயிற்றில் கோத்தால் ரயில். வெந்தயம் மூன்று நாளில் முளைவிடும். பழைய தட்டுகளில் தெளித்து வைத்தால் தோட்டம். கோணிச் சாக்கில் கால் நுழைத்து ஓடினால் திருவிழாப் பந்தயம்.

சாப்பாட்டுக்கு வருவோம். விலையை எழுதவில்லை, இதழ் அச்சாகி வருவதற்குள் பருப்பு விலை மாறியிருக்கும். எடையை எழுதுகிறோம். பதினைந்து குழந்தைகளும் பத்துப் பெரியவர்களும் வருகிறார்கள், நேரம் மாலை நான்கு முதல் ஆறு என்று வைத்துக்கொள்வோம். கேசரிக்கு அரைக் கிலோ ரவை, முக்கால் கிலோ சர்க்கரை, கால் கிலோ நெய். பச்சைப்பயறு ஒரு கிலோ சுண்டலுக்கு. சின்னக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் கொண்டைக்கடலையை விடப் பயறு நல்லது. குழைய வெந்துவிடும், தொண்டையில் அடைக்காது. முழு நிலக்கடலையும் நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம். பொரி அரைக் கிலோ வாங்கினாலே வீடு நிறைந்துவிடும். பொட்டுக்கடலை அரைக் கிலோ, முறுக்கு ஒரு கிலோ. எலுமிச்சம்பழம் இருபது, அதற்குச் சர்க்கரை 600 கிராம். ஆளுக்கு ஒரு டம்ளர் சாறு வரும். 2025 செப்டம்பர் 22 முதல் பாட்டில் குளிர்பானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், எலுமிச்சம்பழத்துக்கு வரியே இல்லை. அதே தேதியில் கேக், பிஸ்கட், சாக்லேட் மீதான வரி 18-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

கேக் இல்லாமல் இன்று குழந்தை ஒப்புக்கொள்ளாது. வீட்டிலேயே செய்ய மைதா கால் கிலோ, கெட்டியாக்கிய இனிப்புப் பால் 400 கிராம் டின் ஒன்று, வெண்ணெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி, கரைக்க ஒரு டம்ளர் பால். முட்டை தேவையில்லை. அவன் இல்லாத வீட்டில் அடிகனமான பழைய பாத்திரத்தில் உப்பைப் பரப்பிச் சூடாக்கி, உள்ளே தட்டை வைத்து மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் வெந்துவிடும். நல்ல குக்கரைத் தண்ணீரில்லாமல் அடுப்பில் ஏற்றிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சதுரத் தட்டில் ஊற்றிச் சுட்டால் அது ஒரு சரக்குப் பெட்டி. மேலே உருக்கிய சாக்லேட்டால் குழந்தையின் வயதை '5 கிலோ' என்று எழுதிவிட்டால் தீமும் ஆயிற்று. இதில் மைதாவிலிருந்து சோடா வரை எல்லாம் நம் கடைச் சரக்கு, எல்லாம் ரொக்கத்துக்கு வாங்கக்கூடிய அளவு.

இனி, நாம் விற்கக் கூடாததைப் பற்றி. இதைச் சொல்லாமல் மேலே சொன்னதை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். பிறந்தநாள் சாமான்கள் என்று மொத்தக் கடையிலிருந்து கட்டுக்கட்டாக வந்து நம் வாசலில் தொங்குகிற சரக்கில் வில்லங்கம் உள்ளவை பல. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழகத்தில் பிளாஸ்டிக் டம்ளர், தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல், சாப்பாட்டு மேசை மீது விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவை தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. அது செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து நாடு முழுவதற்கும் வந்த தடையில் பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், மிட்டாய்க் குச்சி, 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பேனர் எல்லாம் அடங்கும். கடைகளில் விற்கும் தீம் செட்டைப் பிரித்துப் பார்த்தால் இவற்றில் இரண்டாவது இருக்கும். சோதனைக்கு வருகிறவர் அபராதம் போடுவது செட் கட்டியவருக்கு அல்ல, தொங்கவிட்ட நமக்கு. வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் எவர்சில்வர் டம்ளரும் இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு?

சட்டத்தைவிடக் கவலை தருவது ஆபத்து. நுரை தெளிக்கும் ஸ்ப்ரே டப்பாக்களில் நுரையை வெளியே தள்ளுவது பெரும்பாலும் தீப்பற்றும் வாயு. எரியும் மெழுகுவர்த்தியைச் சுற்றி நின்று அதை அடித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மெழுகுவர்த்தியையும் அந்த டப்பாவையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பவர் ஒரு கணம் யோசிக்க வேண்டும். வாயு நிரப்பிய பலூனில் ஹீலியம் என்று சொல்லி மலிவான ஹைட்ரஜனை நிரப்புவதும் நடக்கிறது. அது வெடித்துத் தீப்பிடிக்கும். வாயால் ஊதும் சாதாரண பலூனிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஊதாத பலூனும் உடைந்த துண்டும் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துவிடும். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான எச்சரிக்கையைப் பலூன் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1994-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். நம் பாக்கெட்டில் அச்சு இல்லாவிட்டாலும் நம் வாயால் சொல்லலாம். பரிசுக்கென்று வாங்கும் சில்லறைப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத பொம்மையைக் கொள்முதல் செய்யும்போதே மறுத்துவிடுங்கள்.

வண்ணப் பொடிக்கும் இது பொருந்தும். உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை வண்ணங்கள் எட்டுதான், அதுவும் அனுமதித்த பண்டங்களில் பெரும்பாலானவற்றில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது நினைவிருக்கும். அந்தச் சாயத்தைப் பொட்டலமாகக் கட்டி யாரோ ஒரு வியாபாரிதானே விற்றிருக்க வேண்டும்? லேபிள் இல்லாத வண்ணப் பொடியை நிறுத்து விற்பதை நம் உறுப்பினர்கள் அடியோடு விட வேண்டும். இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட் சாறும் மஞ்சளுக்குக் குங்குமப்பூவோ ஒரு சிட்டிகை மஞ்சள்தூளோ இருக்கின்றன.

இத்தனையும் செய்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி வரும். உண்மையைச் சொன்னால், பொரியிலும் பயறிலும் ரவையிலும் மிஞ்சுவது சொற்பம்தான். தீம் செட்டில் லாபம் அதிகம் என்று சில உறுப்பினர்கள் வாதிடுகிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த லாபம் ஒருமுறை வருவது. விற்காமல் தங்கினால் அடுத்த ஆண்டு அந்தக் கார்ட்டூனைக் குழந்தை மறந்திருக்கும், நம் முதல் தூசி படிந்து தொங்கும். அந்தப் படத்தை அச்சடிக்க உரிமம் பெற்றவர் யார் என்பதும் நமக்குத் தெரியாது. பொரியும் ரவையும் விற்காவிட்டால் நாளைக்கு இன்னொருவர் வாங்குவார். கணக்கை ஒழுங்காகக் கட்டுகிற குடும்பம் கட்டிக்கொண்டே இருப்பதுதான் மளிகைக் கடைக்கு மிகப் பெரிய லாபம். வாராக் கடனாக நின்றுபோன ஒரு கணக்கை ஈடுகட்ட எத்தனை மூட்டை அரிசி விற்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் தம் நோட்டை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

மண்டபம் நடத்துகிறவர்களும் அலங்காரத் தொழில் செய்கிறவர்களும் நம்மைப் போன்ற வணிகர்களே. வசதி உள்ளவர்கள் அவர்களிடம் தாராளமாகச் செலவு செய்யட்டும், பணம் ஊருக்குள் சுற்றுவது நல்லதுதான். நாம் பேசுவது, மாதச் சம்பளத்தை நான்காகப் பிரித்து நான்காவது பங்கை நம்மிடம் கொண்டுவருகிற குடும்பத்தைப் பற்றி. அந்த வீட்டு மூன்று வயதுக் குழந்தை நூறு முகங்களையும் ஒலிபெருக்கியையும் கண்டு மிரண்டு, கேக் வெட்டும் முன்பே தூங்கிப்போய்விடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒரு கொட்டாங்குச்சித் தராசும் அதற்குப் போதும்.

பட்டியல் போட்டுக் கொடுப்பதில் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, பிறந்தநாள் மூட்டை என்று முன்கூட்டியே கட்டி ஒட்டி அடுக்கி வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளுக்குள் வந்துவிடும்; கட்டியவர் பெயர், முகவரி, நிகர எடை, கட்டிய மாதம், அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்கும் தொலைபேசி எண் எல்லாம் அச்சிட வேண்டும். கேட்டவர் கண்ணெதிரே நிறுத்துக் கட்டுங்கள். இரண்டாவது, தேதி முடியப்போகிற பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் தள்ளிவிட இதை ஒரு வாய்ப்பாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பதினைந்து குழந்தைகளுக்கு ஒரே நாளில் வயிறு கெட்டால் அந்தத் தெருவில் நம் கடை அன்றோடு சரி.

பட்டியல் தயாரிக்க நேரம் இல்லாதவர்கள் பெட்டிகளையாவது கொடுங்கள். சரக்கு இறக்கிய பிறகு காலிப் பெட்டிகளைத் தட்டையாக்கிப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடும் முன், நல்லதாகப் பத்தைத் தனியே எடுத்து வைக்கக் கடைப்பையனிடம் சொல்லி வையுங்கள். பிஸ்கட், நூடுல்ஸ் வந்த பெட்டிகள் சிறந்தவை. கொசு மருந்து, எலிப் பசை, பினாயில் வந்த பெட்டிகள் வேண்டாம். செம்பு நிறப் பின்கள் அடித்த பெட்டியாக இருந்தால் குறடால் பிடுங்கிவிட்டுக் கொடுங்கள். ரயில் பெட்டிக்குள் உட்கார்கிற பிள்ளையின் தொடையைக் கீறிவிடும்.